அணிச்சல் வெட்டியாகிவிட்டது, துண்டு எங்கே?



திருமணங்களில் பெருகிவரும் புதுமைகளைப் பற்றி இன்று பேசுகிறோம். எனக்கு முன் பேசிய அன்பர்களில் ஒரு சாரார், இவை அத்தனையும் அயலார் பழக்கம், ஒதுக்கித் தள்ளுங்கள் என்றார்கள். மறு சாரார், காலத்தோடு ஒட்டிப்போவதில் தவறில்லை, பிள்ளைகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். ஏட்டில் நாம் அணிச்சல் என்று எழுதுகிறோம். வாயால் கேக் என்கிறோம். மண்டபத்து மேடைக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், அடுக்கடுக்காக நிற்குமே, அந்தத் திருமண அணிச்சல்தான் என் பொருள்.

முதலில் ஒரு குடும்பக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் என் ஒன்றுவிட்ட தம்பியின் மூத்த மகளுக்குத் திருமண விருந்து. தம்பி லோரி ஓட்டுநர். மாப்பிள்ளை வீட்டில் ஐந்து அடுக்கு அணிச்சல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? தம்பி கடன் வாங்கி ஐந்து அடுக்குக்குச் சொல்லிவிட்டார்.

மாலை ஆறு மணிக்கே கடைக்காரர்கள் அணிச்சலை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏழரைக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ஒன்பது மணிக்குத்தான் வந்தார். ஆயிரம் பேர் நிறைந்த மண்டபம். குளிர்சாதனம் பேருக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எட்டரை மணிக்கெல்லாம் அணிச்சலின் வெண்ணெய்ப் பூக்கள் வழியத் தொடங்கிவிட்டன. கடைசியில் மணமக்கள் கத்தி வைத்தார்கள், படம் பிடித்தார்கள், கைதட்டினார்கள், ஆளுக்கொரு வாய் ஊட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பேரப்பிள்ளை அந்த அணிச்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, அந்தக் கேக் நமக்கு எப்போ தருவாங்க?" என்று கேட்டாள். இதோ வரும் என்றேன். வரவில்லை.

விருந்து முடிந்து மண்டபத்தைக் காலி செய்யும்போதுதான் தம்பிக்கே விஷயம் தெரிந்தது. மேல் அடுக்குகள் மூன்றும் வெறும் நுரைப்பஞ்சுக் கட்டை. சர்க்கரைப் பூச்சு மட்டும்தான் உண்மை. கீழே இருந்த இரண்டு அடுக்கும் உருகிப்போய்க் குப்பைக்குப் போயின. "அண்ணே, ரெண்டு மாசச் சம்பளம் அது" என்றார் தம்பி.

அன்றிரவு வீடு திரும்பும்போது எனக்குள் எழுந்த கேள்வி இது: இந்த அணிச்சல் தொடக்கத்தில் எதற்காகத் திருமணத்துக்கு வந்தது? பார்ப்பதற்கா, தின்பதற்கா?

பங்கிட்டுத் தின்ற அடை

பண்டைய ரோமாபுரியின் மேட்டுக்குடி மக்களிடம் கொன்ஃபரியாட்டியோ என்றொரு திருமணச் சடங்கு இருந்தது. அந்தப் பெயருக்குள்ளேயே தானியம் இருக்கிறது. ஃபார் என்னும் ஒருவகைப் பழங்கோதுமையில் செய்த அடையை ஜூப்பிட்டர் தெய்வத்துக்குப் படைப்பார்கள். தலைமைப் பூசாரிகளும் பத்துச் சாட்சிகளும் கூடியிருக்க அந்தச் சடங்கு நடக்கும். மணமக்கள் ஒரே அடையைப் பகிர்ந்துகொண்டதுதான் அந்தத் திருமணத்தின் அடையாளம். அதில் அலங்காரம் கிடையாது, அடுக்கும் கிடையாது. நம் வீடுகளில் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கிறோமே, அதற்கு உறவுக்காரச் சடங்கு என்று சொல்லலாம்.

இங்கிலாந்துக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே திருமண விருந்தில் இனிப்பு அணிச்சலைப் போலவே மணப்பெண் பை என்ற பண்டத்துக்கும் இடமிருந்தது. நம் ஊர்க் கறிப்பப்பைப் பெரிதாக எண்ணிக்கொள்ளுங்கள். மாவுக் கூட்டுக்குள்ளே இறைச்சியும் சிப்பியும் வைத்து வேகவைத்தது. இராபர்ட் மே என்ற சமையற்காரர் எழுதி 1660-இல் முதன்முதலாக வெளிவந்த சமையல் நூலின் வழியாக அதன் செய்முறை நமக்குத் தெரிகிறது. சேவல் கொண்டை முதற்கொண்டு அதில் சேர்க்கிறார். ஒரு கூட்டுக்குள் உயிருள்ள பறவைகளை வைத்து, வெட்டும்போது அவை பறந்து வெளியே வர, விருந்தினர் சிரித்து மகிழ வழி சொல்கிறார். திருமண மேசையில் வேடிக்கை காட்டும் ஆசை நம் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்று நாம் காணும் வெள்ளை அணிச்சலின் தாய் என்று சொல்லத்தக்கது 1769-இல் வந்தது. எலிசபெத் ரஃபால்ட் என்ற பெண்மணி, பெரிய வீடொன்றில் நிர்வாகப் பணிப்பெண்ணாக இருந்தவர். பிறகு மான்செஸ்டர் நகரில் கடை வைத்தவர். அவர் எழுதிய சமையல் நூலில் மணப்பெண் அணிச்சலுக்குச் செய்முறை இருக்கிறது. நான்கு ராத்தல் மாவு, நான்கு ராத்தல் வெண்ணெய், இரண்டு ராத்தல் சர்க்கரை, ராத்தல் மாவுக்கு எட்டு முட்டை வீதம் 32 முட்டைகள், நான்கு ராத்தல் உலர்திராட்சை, ஒரு ராத்தல் பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்கள், அரை பைண்டு பிராந்தி. வாசனைக்குக் கால் அவுன்ஸ் ஜாதிபத்திரி, கால் அவுன்ஸ் ஜாதிக்காய். வேகவைத்த பிறகு அதன்மேல் பாதாம் பூச்சு, அதற்கும் மேல் முட்டையின் வெள்ளைக்கருவில் அடித்த சர்க்கரைப் பூச்சு.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இங்கிலாந்தில் விளைபவை அல்ல. அன்றைக்கு அவை நம் கிழக்குக் கடல் தீவான பண்டாவிலிருந்து டச்சுக்காரர் கையால் போய்ச் சேர்ந்தவை. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் ஆங்கிலக் கம்பெனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து நாற்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டது. பாலிக் பூலாவ் பக்கம் போகிறவர்கள் இன்றும் ஜாதிக்காய் மரங்களைப் பார்க்கலாம். ஆக, ஆங்கிலேயரின் திருமண அணிச்சலில் நம் வட்டாரத்து மணம் தொடக்கத்திலேயே கலந்துவிட்டது.

கற்கண்டும் வெள்ளைச் சர்க்கரையும்

அணிச்சல் நம் பண்பாடே இல்லை என்று சொன்ன அன்பருக்கு இன்னொரு செய்தி. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலையை உலகுக்குத் தந்தது இந்தியா. சர்க்கரா என்ற வடசொல்தான் பாரசீகம், அரபு வழியாகப் போய் ஐரோப்பிய மொழிகளில் சுகர் என்று வழங்குகிறது. கண்ட என்ற சொல் அதே வழியில் போய்க் காண்டி ஆயிற்று. நம் கற்கண்டில் இருக்கும் கண்டும் அதுதான். மண்டப வாசலில் சந்தனம், குங்குமத்தோடு நாம் தட்டில் வைத்து நீட்டும் கற்கண்டும், மேடையில் நிற்கும் அணிச்சலின் வெள்ளைப் பூச்சும் ஒரே பாட்டிக்குப் பிறந்த பேரப்பிள்ளைகள்.

ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருந்தது. ரஃபால்ட் காலத்தில் இருமுறை சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரை வசதி படைத்தவர்களுக்கே கட்டுப்படியாகும். பூச்சு எவ்வளவு வெண்மையோ அவ்வளவுக்கு அந்த வீட்டின் செல்வம். அந்தச் சர்க்கரை வந்த இடமோ கரிபியன் தீவுகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்தது அது.

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். கிடைத்த கைகளில் நம் கைகளும் இருந்தன. மொரிஷியசுக்கும் கரிபியனுக்கும் போன கப்பல்களைப் பற்றி நமக்குத் தெரியும். நம் நாட்டிலேயே கரும்புத் தோட்டங்கள் இருந்ததைப் பலர் மறந்துவிட்டோம். ரப்பருக்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டில், இன்றைய செபராங் பிறையில் பத்து காவான், நிபோங் திபால் பக்கங்களிலும், பேராக்கின் கிரியான் வட்டாரத்திலும் கரும்பு விளைந்தது. சீனர்கள் தொடங்கிய பயிர். பிறகு ஐரோப்பியரும் பெருந்தோட்டமாகச் செய்தார்கள். அந்த ஐரோப்பியத் தோட்டங்களில் வெட்டியவர்களும் ஆலையில் நின்றவர்களும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள். கப்பல் கட்டணம் கடனாக எழுதப்பட்டுக் கூலியில் பிடிக்கப்பட்டது. அங்கே விளைந்த சர்க்கரை இலண்டன் சந்தைக்கும் போனது. 1910-இல் இந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் ஒழிந்தது. ரப்பர் வந்ததும் கரும்பும் மறைந்தது.

நேயர்களே, இதை ஏன் சொல்கிறேன்? வெள்ளை அணிச்சலை ஆங்கிலேயன் வீட்டுப் பண்டம் என்று எட்ட நின்று பார்க்க வேண்டியதில்லை. அதன் சர்க்கரையில் நம் பாட்டன்மார்களின் வியர்வையும் இருக்கிறது. அதே அணிச்சலுக்காக அவர்களுடைய பேரன் மறுபடியும் கடன்காரனாக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அரசியார் வீட்டு மாடல்

1840 பிப்ரவரி 10-இல் விக்டோரியா அரசியாருக்குத் திருமணம். அவருக்காகச் செய்த அணிச்சல் ஏறக்குறைய 300 ராத்தல் எடை. சுற்றளவு மூன்று கெஜம். ஆனால் அது அடுக்கு அணிச்சல் இல்லை. வண்டிச் சக்கரம் போல ஒரே பெரிய தட்டை. உச்சியில் பிரிட்டானியா தேவி மணமக்களை வாழ்த்துவதாகச் சர்க்கரைப் பொம்மை. அந்த அணிச்சலின் துண்டுகளைப் பெட்டியில் போட்டுப் பலருக்கும் அனுப்பினார்கள். வாங்கியவர்களில் சிலர் தின்னாமலே பத்திரப்படுத்திவிட்டார்கள். 176 ஆண்டுகள் கழித்து, 2016-இல், ஒரு துண்டு இலண்டனில் ஏலத்துக்கு வந்தது!

அடுக்கு எப்போது வந்தது? 1858-இல் அரசியாரின் மூத்த மகளுக்குத் திருமணம் நடந்தபோது ஆளுயரத்துக்கு அணிச்சல் நிறுத்தினார்கள். அதில் அடித்தளம் மட்டும்தான் உண்மையான அணிச்சல். மேலே இருந்ததெல்லாம் சர்க்கரைச் சிற்பம். 1882-இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில்தான் எல்லா அடுக்கும் தின்னக்கூடிய அணிச்சலாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிள்ளானில் என் தம்பி கண்டு திகைத்த போலி அடுக்குக்கு அரச பரம்பரையே உண்டு என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அரண்மனையில் செய்ததை ஊர் எப்படிப் பிடித்துக்கொண்டது? 1874-இல் பிரிட்டனில் சர்க்கரை மீதான வரி நீக்கப்பட்டது. சர்க்கரை மலிந்தது, எழுத்தரும் கடைக்காரரும் வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்ள முடிந்தது. பத்திரிகைகள் அரச திருமணங்களைப் படம் போட்டு வெளியிட்டன. அடுத்த ஆண்டு அதுவே நடுத்தர வீட்டு மாடல். இன்று கைப்பேசியில் யாரோ ஒருவரின் திருமணக் காணொளியைப் பார்த்துவிட்டு, இதே போல எனக்கும் வேண்டும் என்று கேட்கும் பெண்ணை நாம் கடிந்துகொள்கிறோம். அன்று படப் பத்திரிகை செய்த வேலையைத்தான் இன்று கைப்பேசி செய்கிறது.

உயரத்தைக் கூட்டினாலும் அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒன்றை மறக்கவில்லை. திருமணத்துக்கு வர முடியாத உறவினருக்கும் நண்பருக்கும் ஒரு துண்டு அனுப்பினார்கள். மணமாகாத பெண்கள் அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினால் வருங்காலக் கணவன் கனவில் வருவான் என்றொரு நம்பிக்கை இருந்தது. மேல் அடுக்கை முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்று எடுத்து வைப்பார்கள். உலர்பழமும் சர்க்கரையும் பிராந்தியும் சேர்ந்த அணிச்சல் மாதக்கணக்கில் கெடாது. வெள்ளைப் பூச்சில் எண்ணெய்க் கறை ஏறாமல் நடுவிலிருக்கும் பாதாம் பூச்சு காத்துக்கொள்ளும். நெடுநாள் வைத்திருந்து பலருக்கும் கொடுப்பதற்குத் தோதாகவே அந்தப் பண்டம் அமைந்திருந்தது. அணிச்சலை முதலில் வெட்டியவள் மணமகள் மட்டுமே. மணமகன் தன் கையையும் சேர்த்து வைக்கும் காட்சி 20ஆம் நூற்றாண்டில் பரவியது.

அட்டைப் பெட்டி அணிச்சல்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-இல் பிரிட்டிஷ் அரசு அணிச்சலுக்குச் சர்க்கரைப் பூச்சு பூசுவதற்கே தடை போட்டது. பெண்கள் என்ன செய்தார்கள்? கடையில் அட்டையிலும் சாந்திலும் செய்த வெள்ளை அடுக்கு மூடியை வாடகைக்கு எடுத்தார்கள். படம் பிடித்து முடிந்ததும் மூடியைத் தூக்குவார்கள். உள்ளே, அக்கம் பக்கத்தார் தங்கள் பங்கீட்டிலிருந்து கொடுத்த முட்டையிலும் வெண்ணெயிலும் செய்த சிறிய அணிச்சல் இருக்கும். அதைத்தான் எல்லாருக்கும் நறுக்கிக் கொடுப்பார்கள். மேலே போலி, உள்ளே உண்மை. அந்தச் சிறிய துண்டு வந்திருந்தவர்களின் வாய்க்குப் போனது.

அதே காலத்தில் இங்கே நாம் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம். ஜப்பான்காரன் காலத்தில் நடந்த தம் திருமணத்தைப் பற்றி என் பாட்டி சொல்வார். அரிசிச் சோறு இல்லை; கிழங்கு மாவில் தட்டிய அடையும் கருப்பட்டித் தண்ணீரும்தான் விருந்தாம். "ஆனா ஒருத்தரும் வெறும் வாயோட போகலடா" என்பார். அந்த வாக்கியம் என் நினைவில் அப்படியே நிற்கிறது.

1947-இல் எலிசபெத் இளவரசியாருக்குத் திருமணம் நடந்தபோது பிரிட்டனில் இன்னும் பங்கீடு நீங்கவில்லை. ஒன்பது அடி உயரத்தில், நான்கு அடுக்குகளில், 500 ராத்தல் அணிச்சல். அதற்கான பொருள்களைக் கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் சாரணிய மகளிர் போன்றவர்கள் அனுப்பி வைத்தார்கள். பத்தாயிரம் மைல் அணிச்சல் என்று அதற்குப் பெயர் விழுந்தது.

நம் நாட்டுக்கு வந்த வழி

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அணிச்சல் ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறை வழியாக வந்தது. அந்தச் சமையலறைகளில் வேலை பார்த்தவர்களில் ஹைனானியச் சீனர் அதிகம். அவர்கள் கற்ற தொழில் பிறகு கடைத்தெருவுக்கு வந்தது.

மலாக்கா, சிங்கப்பூர் யுரேசியர்கள் வேறொரு வழியைத் திறந்தார்கள். அவர்கள் வீட்டுத் திருமணத்துக்குச் சூஜி அணிச்சல் வேண்டும். சூஜி என்பது நம் ரவைதான். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, மஞ்சள் கருவும் பாதாமும் பிராந்தியும் சேர்த்து வேகவைப்பார்கள். திருமணம் என்றால் அதன் மேல் பாதாம் பூச்சும் வெள்ளைப் பூச்சும் ஏறும். நாம் தீபாவளிக்குச் சுடும் சூஜி பிஸ்கட்டுக்கு இது மாமன் மகன் முறை.

மூன்றாவது வழி இலங்கை. அங்கே திருமண அணிச்சலை விரல் நீளத்துண்டுகளாக நறுக்கி, தாளில் சுற்றி, சின்னஞ்சிறு பெட்டியில் இட்டு, வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. மேடையில் நிற்பது பெரும்பாலும் அலங்காரக் கூடுதான். அதை மறைப்பதும் இல்லை; அதற்காக வருந்துவதும் இல்லை. பெட்டி கைக்கு வந்துவிடுகிறதே! நம் நாட்டில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர் வீட்டு விசேஷங்களுக்குப் போனவர்களுக்கு அந்தப் பெட்டியின் மணம் தெரிந்திருக்கும்.

நம்மைச் சுற்றியுள்ளவர்களையும் பாருங்கள். சீனர் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பும் திருமணப் பலகாரங்களைப் பெண் வீட்டார் உற்றார் உறவினருக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். மலாய்க்காரர் திருமணத்தில் பூவோடு சேர்த்த அவித்த முட்டை, பூங்கா தெலோர், விருந்தினர் கைக்கு வரும். இப்போது முட்டைக்குப் பதில் இனிப்போ சிறிய அணிச்சலோ வருகிறது. நாம் தாம்பூலப் பை கொடுக்கிறோம். சீர் முறுக்கும் அதிரசமும் பங்கு வைக்கிறோம். எல்லா இனத்தாரிடமும் திருமண இனிப்புக்கு ஒரே வேலைதான். எங்கள் மகிழ்ச்சியில் உங்களுக்கும் ஒரு பங்கு என்று சொல்லி அதைக் கையில் கொடுப்பது.

1982 மார்ச் முதல் தேதி நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்து, திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. பதிவு ஒரு நாள், தாலி கட்டு ஒரு நாள், விருந்து ஒரு நாள் என்று நம் திருமணங்கள் நீண்டன. தாலி கட்டும் சடங்கில் அணிச்சலுக்கு இடமில்லை. பதிவு நாளிலும் விருந்து நாளிலும் மணமக்கள் சேர்ந்து செய்ய ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அந்த வெற்றிடத்தில் அணிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் கலாசாரச் சீரழிவு எதையும் நான் காணவில்லை. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் இல்லாமல் நமக்கு இன்று குழம்பு உண்டா? பண்டம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் நம் வீட்டில் அது என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

மாடல் மாறிக்கொண்டே இருக்கும்

புதுமையை விரட்டிப் பிடிக்க முடியுமா என்றால், அரண்மனையாலேயே முடியவில்லை. 2011-இல் வில்லியம், கேட் திருமணத்தில் எட்டு அடுக்குப் பழ அணிச்சல். ஏழே ஆண்டு கழித்து, 2018-இல், அவருடைய தம்பி ஹேரியின் திருமணத்தில் பழ அணிச்சலையே காணோம். எலுமிச்சையும் எல்டர் பூவும் சேர்த்த அணிச்சல், மேலே வெண்ணெய்ப் பூச்சு, புதுப் பூக்கள். நம் மண்டபங்களிலும் பார்த்துவிட்டோம். ஒரு காலம் தூண் வைத்த அடுக்கு; பிறகு கோப்பை அணிச்சல் கோபுரம்; பிறகு மேற்பூச்சே இல்லாத அணிச்சல்; பிறகு இனிப்பு மேசை. இன்று கடன் வாங்கிச் செய்யும் புதுமை, அந்தக் கடன் அடையும் முன்பே பழசாகிவிடும்.

அப்படியானால் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? வரலாறு சொல்லும் பாடத்தை வைத்துக்கொண்டு சில வார்த்தைகள்.

கடைக்காரரிடம் முதல் கேள்வியாக அடுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். எத்தனை பேருக்குத் துண்டு வரும் என்று கேளுங்கள். ஆறு, எட்டு, பத்து அங்குலத்தில் மூன்று வட்ட அடுக்கு வைத்தால் ஏறக்குறைய 70 துண்டுகள்தான் தேறும். ஆயிரம் பேர் விருந்தில் அது ஏழு மேசைக்குக் காணும். மேடைக்கு ஒரு சிறிய உண்மையான அணிச்சலும், சமையலறையில் நறுக்கித் தயாராக அதே சுவையில் தட்டை அணிச்சல்களும் இருந்தால் எல்லாருக்கும் எட்டும். செலவும் குறையும்.

எந்த அடுக்கு உண்மை, எது போலி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போலி அடுக்கில் குற்றமில்லை. உண்மையின் விலையைப் போலிக்குக் கொடுப்பதுதான் ஏமாளித்தனம்.

நம் வெயிலை மறக்காதீர்கள். வெண்ணெய் உருக 35 பாகை வெப்பமே அதிகம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சர்க்கரைப் போர்வை நம் ஊர் ஈரக் காற்றில் வியர்த்துப் பிசுபிசுக்கும். அணிச்சல் மண்டபத்துக்கு எப்போது வரும், எப்போது வெட்டுவோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சிறப்பு விருந்தினருக்காக அணிச்சல் காத்திருக்காது.

விருந்தினர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சைவ விருந்து வைப்பவர்கள் முட்டையில்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். சில பூச்சுகளில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும். பழ அணிச்சலில் பிராந்தி இருக்கும். நம் விருந்துக்கு வரும் முஸ்லிம் நண்பர்களும் நம் வீட்டுப் பெரியவர்களும் ஒரே துண்டை மனக்கூச்சம் இல்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் ஒன்று. நன்றாக இருக்கும் என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தை, எதிர்ப்பக்கத்தில் ஒருவருடைய இரண்டு மாதச் சம்பளம். சொல்வதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பியின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய இளைய மகளுக்குத் திருமணம். இந்த முறை அடுக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்: "அப்பா, வெட்டுறது சின்னதா இருக்கட்டும். ஆனா எல்லாருக்கும் கெடைக்கணும்." மேடையில் ஒரே ஓர் அடுக்கு. அது வெட்டி முடிந்ததும் உறவுக்காரப் பிள்ளைகள் தட்டுகளோடு மேசை மேசையாகப் போனார்கள். தாளில் சுற்றிய சிறு துண்டுகள். ரவையும் பாதாமும் சேர்த்து, முட்டையில்லாமல், பிராந்தியில்லாமல் செய்தது. வாங்கிய சிலர் அங்கேயே தின்றார்கள். சிலர் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு என்று தாம்பூலப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

என் மேசைக்குத் தட்டு கொண்டுவந்தவள் என் பேரப்பிள்ளை. ஒன்பது வயது ஆகியிருந்தது. முதல் துண்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க தாத்தா, இன்னைக்கு எல்லாருக்கும் இருக்கு" என்றாள்.